டெலிபோனைத் தாண்டிய ஊர்

கிழக்கா, தெற்கா? அதை மட்டும் சொல்லிவிட்டால் போதும், மற்றதையெல்லாம் நான் பார்த்துக்கொள்கிறேன் என்று சொல்லிவிட்டு பிரின்சி காலையிலேயே காரைக் கிளப்பிக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போய்விட்டாள். மத்தியானம் டீ குடிக்க விடும்போது கூப்பிடுவாளாம், அதற்குள் அம்மா முடிவு பண்ணி வைத்திருக்க வேண்டுமாம். பக்கத்துப் பக்கத்தில் இரண்டு அறை வேண்டுமென்றால் இன்றைக்கே சொல்லியாக வேண்டும் என்று கப்பல் கம்பெனிக்காரர்கள் சொல்லிவிட்டார்களாம். என்னவோ கத்தரிக்காயா வெண்டைக்காயா என்று கேட்கிற மாதிரிக் கேட்டுவிட்டுப் போகிறாள். அமலோற்பவம் சாப்பாட்டு மேஜையில் மகளுடைய டேப்லெட்டை சர்க்கரை டப்பாவில் சாய்த்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். அதில் கண்ணைப் பறிக்கிற நீலத்தில் இரண்டு படங்கள். ஒன்றில் ஃப்ளோரிடாவில் கிளம்புகிற கோடு வலப்பக்கமாக ஓடி சான் ஹுவான், செயின்ட் தாமஸ், செயின்ட் மார்ட்டின் என்று மூன்று புள்ளியைத் தொட்டுவிட்டுத் திரும்பியது. அது கிழக்கு. இன்னொன்றில் கோடு கீழே இறங்கி அரூபா, குராசோ, பொனேர் என்று வாயில் நுழையாத ஊர்களுக்குப் போனது. அது தெற்கு. எதிரே சோபாவில் அவள் புருஷன் கஸ்பார் துணி மடித்துக்கொண்டிருந்தார். டிரையரிலிருந்து இப்போதுதான் அள்ளிக்கொண்டு வந்த துணி, சூடு ஆறவில்லை. பாதி வாழ்க்கையைக் கப்பல் லாண்டரியில் கழித்தவர், மகள் வீட்டுக்கு வந்தும் கை சும்மா இருக்க மாட்டேன் என்கிறது. விடுங்க மாமா, நான் பாத்துக்கிடுதேன் என்று மருமகன் ஜெரால்டு எத்தனையோ தடவை சொல்லிப் பார்த்துவிட்டான். கேட்கிற ஆளா? பேரப்பிள்ளைகளின் காலுறையைக்கூட ஓரத்தோடு ஓரம் பொருத்தி நீவி விட்டால்தான் அவருக்குத் தூக்கம் வரும். "ஏங்க, கிழக்கா தெற்கா?" என்று அவள் கேட்டாள். "ஒன் இஷ்டம்" என்றார், தலையைத் தூக்காமல்.

ஒன் இஷ்டம். இந்த வார்த்தையைக் கேட்டுக் கேட்டு அவளுக்குக் காது புளித்துப் போயிருக்கிறது. கல்யாணமான புதிதில் இதைக் கேட்டால் கோபம் பொத்துக்கொண்டு வரும், இது என்ன மனுஷன், இப்படிச் செய் அப்படிச் செய் என்று வாயைத் திறந்து ஒரு வார்த்தை சொன்னால்தான் என்ன என்று. அப்புறம் கோபம் தேய்ந்து பழக்கமாகி, பழக்கம் முற்றிப் பெருமையாகிவிட்டது. ஒன்பது மாசம் கப்பல், இரண்டு மாசம் வீடு, அந்த இரண்டு மாசமும் மனுஷன் விருந்தாளி மாதிரி உட்கார்ந்திருப்பார், எந்த சுவிட்சைப் போட்டால் எந்த லைட் எரியும் என்று அவளிடம் கேட்பார். ஓட்டைப் பிரித்துவிட்டு காங்கிரீட் போட்டது யார்? அமலோற்பவம். கொத்தனாரோடு மல்லுக்கு நின்று மாடிப்படியை உள்பக்கமாகத் திருப்பியது யார்? பிரின்சிக்கு வயிற்று வலி வந்து, குடல்வால் வெடிக்கிற மாதிரி இருக்கிறது, உடனே ஆபரேஷன் என்று டாக்டர் சொன்னபோது, அப்பா எங்கே, அப்பா வந்து கையெழுத்துப் போட வேண்டாமா என்று நர்ஸ் கேட்டாளே, அப்பா கடலில் இருக்கிறார், பேனாவைக் கொடு என்று வாங்கிப் போட்டது யார்? அந்தப் பிள்ளைதான் இன்றைக்கு நியூஜெர்சியில் அதே மாதிரி ஆஸ்பத்திரியில் பத்துப் பேரை மேய்த்துக்கொண்டிருக்கிறது. பொம்பளைப் பிள்ளையை நர்சிங் படிக்க வெளியூருக்கு அனுப்பக்கூடாது என்று கஸ்பாரின் அண்ணன் வந்து குதித்தபோது, ஒரு தட்டில் முறுக்கும் ஒரு தம்ளரில் காப்பியும் வைத்து, சாப்பிட்டுவிட்டுக் குதிங்க அத்தான் என்று சொன்னவள் அவள். அதையெல்லாம் போனில் சொன்னால் அந்தப் பக்கம் ஒரு சிரிப்பு வரும், பிறகு அதே வார்த்தை வரும். அப்படிப்பட்டவளுக்கு இந்த இரண்டு கோட்டில் ஒரு கோட்டைத் தொட முடியவில்லை. காலையிலிருந்து விரல் கிழக்கே போகிறது, தெற்கே போகிறது, நடுவில் டேப்லெட் இருண்டுவிடுகிறது, அதைத் தட்டி எழுப்ப வேண்டியிருக்கிறது.

ஜன்னலுக்கு வெளியே பனி விழுந்துகொண்டிருந்தது. தூத்துக்குடியில் பனிமய மாதாவைக் கும்பிட்டு வளர்ந்தவளுக்குப் பனி எப்படி இருக்கும் என்று இந்த வயசில்தான் தெரிந்தது. வந்த அன்றைக்குக் கையில் பிடித்துப் பார்த்துவிட்டு, இது என்ன, ஐஸ்பெட்டியைச் சுரண்டின மாதிரி இருக்கிறதே என்று சொல்லிவிட்டாள், பிறகு மாதா கோபித்துக்கொள்வாளோ என்று ஒரு சிலுவை போட்டுக்கொண்டாள். இந்தக் குளிரில் பிள்ளைகள் வீட்டுக்குள்ளேயே அடைந்து கிடக்கின்றன, பிப்ரவரி லீவில் வெயில் பார்க்கிற இடத்துக்குக் கூட்டிக்கொண்டு போக வேண்டும் என்று ஜெரால்டுதான் முதலில் கப்பல் பேச்சை எடுத்தான். நல்ல பையன். இப்போதுகூடப் பிள்ளைகளைச் சறுக்கு விளையாட்டுக்குக் கூட்டிக்கொண்டு போயிருக்கிறான், இவர்கள் இருவரும் அமைதியாக யோசிக்கட்டும் என்று. அவனுடைய ஓட்டு தெற்குக்கு. "மாமா வருஷக்கணக்கா வேலை பாத்த ஊருக்கே மறுபடியும் எதுக்கு அத்த? கிழக்க உள்ள தீவெல்லாம் அவங்களுக்கு வீட்டுக் கொல்லை மாதிரி. தெற்க போனா அவங்களுக்கும் புதுசா இருக்கும்லா" என்றான். அவன் சொன்னதில் நியாயம் இருந்தது. அதுதான் தொந்தரவு. வேலை பார்த்த இடத்துக்கே ஒரு மனுஷனை உல்லாசப் பயணம் கூட்டிக்கொண்டு போவார்களா? ஓய்வு பெற்ற வாத்தியாரைப் பிடித்து, வாங்க சார், பள்ளிக்கூடத்துக்கு ஒரு நடை போய்விட்டு வருவோம் என்று யாராவது கூப்பிடுவார்களா? அப்படியென்றால் தெற்குதான். தெற்கென்றே சொல்லிவிட வேண்டியதுதான். அவள் விரலைத் தெற்கில் வைத்தாள். வைத்த விரல் அங்கே நிற்கவில்லை. நழுவி நழுவி செயின்ட் தாமஸ் புள்ளிக்கே வந்தது.

தோமையார் தீவு. தாமஸ் என்றால் தோமையார்தானே, அவர்கள் தெருவில் அதற்கு அதுதான் பெயர், வைத்தவள் அவள். கஸ்பாரின் கப்பல் வாராவாரம் கிழக்குச் சுற்றுத்தான் போகும். எந்தத் தீவில் வெளியே விடுகிறார்களோ அந்தத் தீவிலிருந்து போன் வரும். வீட்டில் போன் கிடையாது, தெருமுனையில் லூர்து அண்ணன் வைத்திருந்த எஸ்டிடி பூத்துக்குத்தான் வரும், லூர்து அண்ணன் எடுத்து, லைன்ல இரு மாப்ள என்று சொல்லிவிட்டு ஆள் அனுப்புவார். சான் ஹுவானிலிருந்து பேசினால் பின்னால் காரும் ஹாரனுமாக ஒரே இரைச்சல். செயின்ட் மார்ட்டின் என்றால் காற்று, பாதி வார்த்தையைக் காற்று தின்றுவிடும். ஆனால் தோமையார் தீவிலிருந்து வந்தால் சேவல் கூவும். இங்கே கோயில் மணி அடித்து விளக்கு வைத்தாகியிருக்கும், அங்கே அப்போதுதான் காலையில் ஒரு சேவல் தொண்டை கிழியக் கத்தும். ஊரு எப்பிடிங்க இருக்கு என்று அவள் கேட்பாள். நல்லாருக்கு என்பார். அவ்வளவுதான், அதற்கு மேல் ஒரு சொல் வராது, அந்த வாயிலிருந்து வார்த்தையைப் பிடுங்கக் குறடு வேண்டும். மிச்சத்தை அவளே போட்டு நிரப்பிக்கொள்வாள். சேவல் இருந்தால் வீடுகள் இருக்கும், வீடுகள் இருந்தால் தென்னை இருக்கும், தோமையார் பெயரை வைத்திருக்கிறார்கள் என்றால் தோமையாருக்கு ஒரு கோயில் இல்லாமலா இருக்கும், அதுவும் சும்மா கோயிலா, பீடமெல்லாம் சலவைக்கல்லாக இருக்கும், துறைமுகத்தில் இறங்கினதுமே கோபுரம் தெரியும். இதைத் தனக்குள் வைத்திருந்தால் ஒன்றுமில்லை. தண்ணிக் குழாயடியில் நின்று மற்றவர்களுக்கும் சொன்னாள். எங்க வீட்டு அவிய வாராவாரம் தோமையார் கோயிலுக்குப் போயிட்டுத்தான் எனக்கு போன் போடுவாவ என்று ஒரு நாள் வாயில் வந்துவிட்டது. வந்தது வந்ததுதான். அடுத்த வாரம் பக்கத்து வீட்டு பிலோமி வந்து, முழங்காலைப் பிடித்துக்கொண்டு, எனக்காக அங்கன ஒரு மெழுகுவத்தி ஏத்தச் சொல்லு அமலி என்றாள். அதற்கடுத்த வாரம் பரீட்சை எழுதுகிற அவள் பையன், அதற்கடுத்து இன்னொரு வீட்டில் பிள்ளை உண்டாகாத மருமகள். எல்லாப் பெயரையும் அவள் போனில் ஒப்பிப்பாள். போன வாரம் சொன்னத ஏத்தியாச்சா என்று கேட்பாள். ம்ம் என்பார். பிலோமியின் பையன் பாஸாகி, பிலோமி ஒரு டப்பா நிறைய மக்ரூன் கொண்டுவந்து கொடுத்தாள். அதைத் தின்றபோது அமலோற்பவத்துக்கு தோமையாரே தன் வீட்டு மருமகன் மாதிரி இருந்தது.

இன்னொன்றும் உண்டு. போனுக்குப் போவதென்றால் அவள் முகம் கழுவி, பவுடர் போட்டு, பெட்டியிலிருந்து நல்ல சேலையை எடுத்துக் கட்டி, தலை நிறைய மல்லிகைப்பூ வைத்துக்கொண்டுதான் போவாள். முதல் தடவை தெருவே சிரித்தது. என்ன அமலி, போன்ல மொகம் தெரியுதாக்கும் என்று பிலோமி கேட்டாள். புருஷன் ஏழு கடலுக்கு அப்பால் இருந்து கூப்பிடுகிறான், அவன் முன்னால் நைட்டியோடும் மீன் நாற்றத்தோடும் போய் நிற்கச் சொல்கிறாயா என்று அவள் கேட்டாள். ஒரே மாசத்தில் தெருவில் கப்பல்காரர் வீட்டுப் பெண்கள் எல்லோரும் பூ வைத்துக்கொண்டு பூத்துக்கு வர ஆரம்பித்தார்கள். லூர்து அண்ணன் அலுத்துக்கொண்டார், இது டெலிபோன் கடையா கல்யாண வீடா என்று. அது அவள் ஆரம்பித்து வைத்த வழக்கம், இன்றைக்கு நினைத்தாலும் அவளுக்கு நெஞ்சு நிமிர்கிறது. கஸ்பாரிடம் மட்டும் சொன்னதில்லை. போனில் போய், நான் பூ வைத்திருக்கிறேன் என்று எப்படிச் சொல்வது? நிமிஷக் கணக்கு ஓடிக்கொண்டிருக்கும், பிள்ளைக்குக் காய்ச்சல், அரிசி, சிமெண்ட், இதற்கு நடுவில் பூவா? ஆற அமரச் சொல்லிக்கொள்ளலாம் என்று விட்டதுதான், ஆற அமர நேரமே வரவில்லை.

ஆக, அவளுக்குக் கிழக்கே போக வேண்டும். இதை ஒளித்து என்ன ஆகப் போகிறது, அவளுக்கு அந்த ஊர்களைப் பார்க்க வேண்டும். கடல்கரையில் பிறந்தவள், அப்பா மீன் பிடித்தவர், புருஷன் கப்பல்காரர், ஆனாலும் அவள் இதுவரை ஒரு வள்ளத்தில்கூடக் கால் வைத்ததில்லை. அவர்கள் ஊரில் பொம்பளைகள் வள்ளத்தில் ஏறக்கூடாது. சின்ன வயசில் கரையில் இழுத்துப் போட்டிருந்த வள்ளத்துக்குள் விளையாட்டாக ஏறினதற்கு அப்பா காதைப் பிடித்துத் திருகினார், அந்த வலி இன்னும் காதில் இருக்கிறது. கரையில் நின்று கையை நெற்றியில் வைத்துப் பார்ப்பதுதான் அவர்கள் வேலை. அப்படிப்பட்டவள் இப்போது அந்தத் தெருவிலேயே முதல் பொம்பளையாகக் கப்பல் ஏறப் போகிறாள், அதுவும் ஜன்னல் வைத்த அறையில், அதுவும் இந்த மனுஷனை லாண்டரிக்கு அனுப்பாமல் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டு. கடல் நடுவில் சுற்றிலும் தண்ணீராக இருக்குமாமே, கரையே தெரியாதாமே என்று நினைத்தால் அடிவயிறு கலங்குகிறதுதான். கலங்கட்டும், மெத்தைமேல் உட்கார்ந்து கலங்கிக்கொள்ளலாம். பயம் அதில்லை. பயம் வேறே. நேற்று பிலோமி வாட்ஸ்அப்பில் பேசி அனுப்பியிருக்கிறாள், முழங்கால் நல்லாத்தான் இருக்கு அமலி, கப்பல்ல போறியாமே, தோமையார் கோயில் முன்னால நின்னு நீங்க ரெண்டு பேரும் ஒரு போட்டோ எடுத்து அனுப்புங்க, நான் அத பிரேம் போட்டு வைக்கணும் என்று. கோயில் சின்னதாக இருந்தால்? சலவைக்கல் பீடம் இல்லாமல் தகரக் கொட்டகையாக இருந்தால்? தெற்கே போய்விட்டால் இந்தத் தொந்தரவே இல்லை, அரூபாவில் எந்தப் புனிதரும் அவளுக்குப் பழக்கமில்லை. எதற்கும் வழியை மட்டும் கேட்டு வைத்துக்கொள்வோம் என்று தோன்றியது.

"ஏங்க, தோமையார் தீவுல எறங்கினா கோயிலு வலது கைப் பக்கமா, இடது கைப் பக்கமா?" என்று கேட்டாள். கஸ்பார் ஒரு படுக்கை விரிப்பின் இரண்டு முனையைக் கையில் வைத்துக்கொண்டு நின்றார். அவர் கை நின்றுபோனதை அவள் பார்த்தாள். கிழிந்த விரிப்பைப் பார்த்தால்தான் அப்படி நிற்கும். "எந்தக் கோயிலு?" என்றார். "தோமையார் கோயிலுதான். வெளையாடாதீங்க." அவர் விரிப்பை மறுபடி உதறினார். "கோயிலு இருக்கோ என்னமோ. எனக்கு அங்கன போன் இருக்கிற எடம்தான் தெரியும்" என்றார். அவளுக்குப் புரியவில்லை. "அத்தன வருஷமா வாராவாரம் எறங்கியிருக்கீங்க, ஊரு தெரியாதாக்கும்?" என்றாள். "எறங்கினேன். ஷிப்ட் முடிஞ்சி தூங்குத நேரத்துலதான் வெளிய விடுவான், ரெண்டு மணி நேரம் கெடைக்கும். ஏணியில எறங்கி தொறமுக கேட்டத் தாண்டினா கம்பிவேலி ஓரமா வரிசையா போன். பிலிப்பைன்ஸ்காரன், இந்தோனேசியாக்காரன், எல்லாவனும் லைன்ல நிப்பான். நம்ம மொற வரணும், லைன் கெடைக்கணும், லூர்து அண்ணன் ஆள் அனுப்பணும், நீ வரணும். பேசி முடிச்சா திரும்பிப் போற நேரம் வந்துரும். மூணு தீவும் அப்பிடித்தான்." "ஒரு நாள்கூடவா ஊருக்குள்ள போவல?" "கோவாக்காரன் ஒருத்தன் கடக்கரைக்குக் கூப்பிட்டான். போனா அந்த வாரம் ஒங்கிட்ட பேச முடியாதுல்லா. பெறவு எதுக்குப் போவ?" இதைச் சொல்லிவிட்டு அவர் விரிப்பை நெஞ்சில் வைத்து மடித்து, மடிப்பை உள்ளங்கையால் நீவினார். "அப்ப அந்த மெழுகுவத்தி எல்லாம்?" என்று அவள் கேட்டபோது அவளுக்கே தன் குரல் யாரோ பேசுவது போல இருந்தது. "லைன்ல நிக்கும்போது நீ சொன்ன பேருக்கெல்லாம் ஒரு அருள் நிறைந்த மரியே செபம் சொல்லிருவேன். மெழுகுவத்திக்கு எங்க போவ, தீப்பெட்டிகூட கப்பல்ல வச்சிருக்க விடமாட்டான்." "எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லக்கூடாதா?" "ஊருக்குள்ள போனீங்களான்னு நீ எங்க கேட்ட? ஊரு எப்பிடி இருக்குன்னுதான் கேட்ட. நீ பேசிக்கிட்டு இருக்க, எனக்கு நல்லாத்தான இருந்துச்சி."

அமலோற்பவம் டேப்லெட்டைப் பார்த்தாள். அது இருண்டு போய் அவள் முகத்தையே காட்டியது. முதலில் வந்தது வெட்கம். காது வரைக்கும் சுட்டது. தென்னை, கோபுரம், சலவைக்கல், ஒன்றுமில்லை, ஒரு கம்பிவேலி. தெருவுக்கே தீவு கட்டிக் கொடுத்தாளே, மக்ரூன் தின்றாளே. அடுத்தாற்போல் கோபம், இந்த மனுஷன் மேல், வாயில் கொழுக்கட்டையை வைத்துக்கொண்டிருந்தாரே என்று. கோபத்தை எங்கேயாவது கொண்டுபோய் வைக்கலாம் என்றால் இடம் கிடைக்கவில்லை. அது போகிற வழியெல்லாம் அவர் நின்றுகொண்டிருந்தார். வெயிலில், வேலி ஓரத்தில், முன்னால் எத்தனையோ முதுகு, பின்னால் எத்தனையோ முதுகு, கண்ணெல்லாம் தூக்கம், வாய் முணுமுணுத்துக்கொண்டு, பிலோமி முழங்காலுக்கு ஒன்று, பரீட்சைப் பையனுக்கு ஒன்று, பிள்ளை உண்டாகாத மருமகளுக்கு ஒன்று. வேலிக்கு அந்தப் பக்கம் தீவு இருந்திருக்கிறது. ஜனங்கள் காசு கொடுத்துப் பார்க்க வருகிற தீவு. அதற்கு முதுகைக் காட்டிக்கொண்டு இந்த மனுஷன் கொத்தனார் கதையையும் சிமெண்ட் கதையையும் கேட்டுக்கொண்டு நின்றிருக்கிறார், நல்லாருக்கு என்று சொல்லிக்கொண்டு. அன்றைக்கு ஒரு நாள், அவளுக்கு ஞாபகம் இருக்கிறது, பூத்துக்குப் போன பிறகும் அவள் பேசவே இல்லை, கஸ்பாரின் அண்ணனோடு சண்டை போட்டுவிட்டு வந்த ஆத்திரத்தில் உம்மென்று இருந்தாள், அவரும் ஒன்றும் சொல்லவில்லை, அந்தப் பக்கம் சேவல்தான் மூன்று தடவை கூவியது, அப்புறம் வச்சிரவா என்று கேட்டார், வைங்க என்றாள். அந்த மௌனத்துக்குமா அத்தனை நேரம் வரிசையில் நின்றார்? நின்றிருக்கிறார். அடுத்த வாரமும் நின்றிருக்கிறார். உலகம் சுற்றின கப்பல்காரன் பொண்டாட்டி என்று அவள் தெருவில் தலையை நிமிர்த்திக்கொண்டு நடந்தாளே, அது ஒரு பெருமையா? இத்தனை தீவை இறங்கிப் பார்த்தவன் பொண்டாட்டி எத்தனையோ பேர் இருப்பார்கள். ஒரு தீவையும் பார்க்காமல் ஒருத்தியோடு பேசிக்கொண்டு நின்றவனுடைய பொண்டாட்டி அந்தத் தெருவில், ஏன், அந்த ஊரிலேயே யார் இருக்கிறாள்? வெட்கம் போன இடம் தெரியவில்லை. அவளுக்கு எழுந்து நின்று யாரிடமாவது சொல்ல வேண்டும் போல இருந்தது. யாரும் இல்லை, வெளியே பனிதான் விழுந்துகொண்டிருந்தது. சோபாவில் கஸ்பார் ஒரு காலுறைக்கு ஜோடியைத் தேடிக்கொண்டிருந்தார்.

போன் அடித்தது. பிரின்சிதான். எந்நேரமும் ஓட்டமாக ஓடுகிறவள், மூச்சு வாங்கிக்கொண்டே, "எம்மா, சீக்கிரம் சொல்லு, கிழக்கா தெற்கா?" என்றாள். "கிழக்கு" என்றாள் அமலோற்பவம். "நல்லா யோசிச்சியா? அப்பா பாத்துப் பாத்து அலுத்த ஊருல்லாம்மா அதெல்லாம்." "ஒங்கப்பா ஒரு ஊரையும் பாக்கலட்டி. எறங்கி எறங்கி எங்கூடத்தான் பேசிக்கிட்டு இருந்திருக்காவ. அந்த போன் இருந்த எடத்தத் தாண்டி என்ன இருக்குன்னு நாங்க ரெண்டு பேரும் சேந்து பாக்கணும்." பிரின்சி, "சரிம்மா, கிழக்கே போட்டுருதேன்" என்றாள், மூக்கை உறிஞ்சிக்கொண்டே. "ஆனா இப்ப அந்த போன் எல்லாம் இருக்காதும்மா, எல்லாத்தையும் எடுத்திருப்பாங்க." "போன் இல்லன்னா என்னட்டி? எடம் இருக்கும்லா. எங்கன நின்னாவன்னு காட்டுவாவ. பிள்ளைகளுக்கும் காட்டணும்" என்றாள் அமலோற்பவம். பிலோமிக்கும் அதையே போட்டோ எடுத்து அனுப்பிவிட வேண்டியதுதான், கம்பிவேலி ஓரத்தில் ரெண்டு பேருமாக நின்று. பார்த்து என்ன கோயில் இது என்று கேட்பாள். கேட்கட்டும், சொல்லுவோம்.

போனை வைத்துவிட்டு அவள் எழுந்து போய் சோபாவில், துணிக் குவியலுக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்தாள். துணியில் சூடு ஆறியிருந்தது. இத்தனை வருஷமும் நிமிஷக் கணக்கில் அடங்காமல் நின்றுபோனதை இப்போது சொல்லிவிடலாம், இப்போது எந்த மீட்டரும் ஓடவில்லை. "ஒங்களுக்கு ஒண்ணு தெரியுமா? நீங்க போன் போடுதப்ப எல்லாம் நான் நல்ல சேல கட்டி, தல நெறைய பூ வச்சிக்கிட்டுத்தான் வருவேன்" என்றாள். சொன்னதும் இந்த வயசில் இது என்ன பேச்சு என்று கூச்சமாக இருந்தது, ஒரு காலுறையை எடுத்து வைத்துக்கொண்டாள். கஸ்பார் சிரித்தார். "தெரியும்" என்றார். "எப்பிடித் தெரியும்?" "ஒரு நா லூர்து அண்ணன் எடுத்துக்கிட்டு, கொஞ்சம் பொறு மாப்ள, ஒம் பொண்டாட்டி பூ வச்சிக்கிட்டுக் கெளம்புதா, வந்துருவான்னாரு. அதுக்குப் பெறவு நானும் சட்டைய இஸ்திரி போட்டுப் போட்டுக்கிட்டுத்தான் லைன்ல போயி நிப்பேன். நீ பூவோட வந்து நிக்கும்போது நான் வேலைத் துணியோட நிக்கக்கூடாதுல்லா. பயலுவ எல்லாம் கேலி பண்ணுவானுவ, கஸ்பாருக்குக் கல்யாணம்டான்னு." பேசினால் அழுகை வந்துவிடும், அழுவதற்கு இதில் ஒன்றும் இல்லை, சிரிக்க வேண்டிய விஷயம், நாலு பேரைக் கூப்பிட்டுச் சொல்ல வேண்டிய விஷயம். காலுறையை மடித்துக் கீழே வைத்துவிட்டு, "என்ன கலர் சட்ட?" என்று கேட்டாள். "வெள்ளதான்" என்றார் அவர். அவள் குவியலுக்குள் கையை விட்டுத் துழாவி, அவருடைய வெள்ளைச் சட்டையை உருவி எடுத்து, காலரைப் பிடித்து ஒரு உதறு உதறி அவர் கையில் கொடுத்தாள்.

"இத மடிக்காதீங்க. இஸ்திரி போட்டு வைங்க."